நாலாம் பாகத்தின் முதல் வரி

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், எனக்கொன்றும் குறைந்துவிடாது. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மறைக்கிறேன். அந்தப் பெயர். அதை இனி நான் எழுதுவதாக இல்லை.

வீடியோ கேம்களுக்குக் கதை எழுதுவது என் தொழில். "விளையாட்டுக்கெல்லாமா கதை?" என்று என் மாமனார் இன்றைக்கும் சிரிப்பார். சிரிக்கட்டும். நான் உருவாக்கிய வில்லன் மூன்று பாகங்கள் கண்டவன். ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் ஹீரோ அவனை ஓர் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவான். அவன் உள்ளேயிருந்து தட்டுவான், தட்டுவான், ஓய்ந்துவிடுவான். அடுத்த பாகத்தில் மறுபடி வந்து நிற்பான். ஜனங்களுக்கு ஹீரோவைவிட அவனைத்தான் பிடித்திருந்தது. பாதிக் காரணம் அவன் பெயர். ஒரு காலை பல் தேய்க்கும்போது சும்மா வாயில் வந்த பெயர் அது.

அன்று வெள்ளிக்கிழமை. நாலாம் பாகத்தில் அவன் பேசும் முதல் வரியை மாதிரிக்கு நானே பேசிப் பதிவு செய்ய வேண்டும். நடிகர் பிறகு வந்து பேசுவார். ஒலிப்பதிவு அறை ஓர் அலமாரியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் பஞ்சு. செல்போனை வெளியே வைத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும்.

"ரெக்கார்டிங் ஓடுது சார். நீங்க பேசிட்டே இருங்க, ஒரு டீ அடிச்சிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு ஒலிப்பதிவாளர் கதவைச் சாத்தினார். எதிரே சின்னத் திரையில் மணி 2:10.

முதலில் அவன் பெயர். பிறகு, "திரும்பி வந்துட்டேன்."

பேசினேன். சுமார்தான். மறுபடி பேசினேன்.

மூன்றாவது முறை, ஹெட்போனில் என் குரலுக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள்...

என் மூச்சுதான் என்று நினைத்தேன். அடக்கிப் பார்த்தேன். அது நிற்கவில்லை.

திரையில் ஒலியைக் காட்டும் கோடு துள்ளியது. நான் வாயே திறக்கவில்லை.

மணி 2:17. டக்... டக்... டக்...

ஹெட்போனைக் கழற்றினேன். அப்போதும் கேட்டது. பஞ்சில் தட்டினால் சத்தம் வராது. இது மரக்கதவைத் தட்டும் சத்தம்.

எழுந்து கைப்பிடியைத் திருப்பினேன். திரும்பியது. கதவு அசையவில்லை. தோளால் இடித்தேன். தொண்டை கிழியக் கத்தினேன். எவ்வளவு கத்தினாலும் வெளியே கேட்காது. அதற்காகவே கட்டிய அறை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன்.

"எத்தன தடவ?"

கிழட்டுக் குரல். களைத்த குரல். என் காதோரம்.

"யா... யாரு?"

"எத்தன தடவ உள்ள வச்சுச் சாத்துவ?"

மூச்சு முட்டியது.

செத்துவிடுவேன் என்று நினைத்தேன்.

"இனிமே மாட்டேன்... சத்தியமா மாட்டேன்..."

தட்டுவது நின்றது.

கதவு திறந்தது. ஒலிப்பதிவாளர் அதை வெளியிலிருந்து ஒற்றை விரலால் இழுத்திருந்தார்.

"என்ன சார், இப்படி வேர்த்துக் கொட்டுது?"

மணி 2:41.

நேராக எங்கள் கம்பெனி வக்கீலம்மாவிடம் போனேன். நாங்கள் எந்தப் பெயரைக் கேட்டாலும், அந்தப் பெயரில் நிஜ மனிதர் யாரும் உயிரோடு இல்லை என்று அவர் விசாரித்த பிறகுதான் அனுமதி கிடைக்கும். இல்லையென்றால் யாராவது கேஸ் போட்டுவிடுவார்கள்.

"மேடம், அந்தப் பேர்ல நிஜமா யாராவது இருந்தாங்களா?"

அவர் பழைய ஃபைலைப் புரட்டினார். "இருந்தாரு தம்பி. ஒரு பெரியவர். அதான் முதல்ல முடியாதுன்னேன். நீ காரணம்கூட கேக்கல. இந்தப் பேர் இல்லாட்டி கேமே வேணாம்னு ஒத்தக்கால்ல நின்ன."

நின்றது உண்மைதான். பிறகு அனுமதி வந்தபோதும், எப்படி என்று நான் கேட்கவில்லை. இப்போது கேட்டேன்.

"நீ அப்படி நின்ன நாலாம் நாளே அவர் போயிட்டாரு. பேப்பர்லகூட வந்துச்சு, இதோ பாரு." கண்ணாடியை ஏற்றிவிட்டு அந்தத் துண்டைப் படித்தார். "தன் ரூமுக்குள்ளயே இறந்து கிடந்தாராம். கதவு பூட்டியே இல்லையாம். ஆனா தட்டித் தட்டி... ரெண்டு கையிலயும் தோலே இல்லையாம்."