வலது பக்கத்து ஸ்பீக்கர்

கடையில் தொலைபேசி மணி அடித்தால் நான் எடுப்பதில்லை. வேறு யாராவது எடுக்கட்டும் என்று அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் போய் நின்றுவிடுவேன். அன்று காலை கடையில் நான் மட்டும்தான் இருந்தேன். மணி நிற்காமல் அடித்ததால் எடுத்தேன். "நான் ராசமலரின்ட மகள் கதைக்கிறன். அம்மா நேற்று மோசம் போயிட்டா. கடையில எல்லாருக்கும் சொல்லிவிடுங்கோ" என்று ஒரு குரல் சொன்னது. "சரி" என்று வைத்துவிட்டேன். உடல் எங்கே இருக்கிறது, எப்போது எடுக்கிறார்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. முதலாளி வந்து, திரும்பவும் அந்த வீட்டைக் கூப்பிட்டு விசாரித்த பிறகுதான் நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் இருந்த அவர் வீட்டுக்குப் போனோம்.

உங்களில் பலருக்கு என்னைத் தெரியாது. இறுதிச் சடங்கில் நாற்காலிகளுக்குப் பின்னால், வாசல் கேட்டை ஒட்டி நின்றவள் நான். ராசமலர் ஆன்டியின் மகள் சுகந்தி அக்கா, முப்பத்தொன்றாம் நாள் நினைவு மலருக்குக் கடையிலிருந்து யாராவது நாலு வரி எழுதித் தர வேண்டும் என்றபோது முதலாளி என்னைக் காட்டினார். நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளியை நிறுத்தியவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் எழுத வந்ததே ஒரு பிழையைப் பற்றித்தான்.

எங்கள் கடை கிள்ளானில் இருக்கிறது. முன்பக்கம் தொலைக்காட்சியும் வீடியோவும் விற்கிறோம். பின்பக்கம் கம்பளம் விரித்து, ஏர்கான் போட்டு ஓர் அறை. பெரிய திரை, லேசர் டிஸ்க், ஆம்ப்ளிஃபையர், சுற்றிலும் ஐந்து ஸ்பீக்கர். பெட்டாலிங் ஜெயாவில் சொந்தக்காரர் வீட்டில் பார்த்துவிட்டு, எங்களுக்கும் வீட்டுக்குள்ளேயே தியேட்டர் வேண்டும் என்று கேட்டு வருபவர்களை அந்த அறைக்குத்தான் அழைத்துப் போவோம். அந்த அறை ராசமலர் ஆன்டியின் பொறுப்பு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தைந்து வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். சேலைத் தலைப்பைத் தோளில் பின் குத்தி, கையில் அளவு நாடாவுடன் நிற்பார்.

வருபவர்கள் எல்லாரும் எது பெரியது என்றுதான் முதலில் கேட்பார்கள். ஆன்டியோ அவர்கள் வீட்டு சோபாவைப் பற்றிக் கேட்பார். ஒருமுறை துறைமுகத்தில் வேலை செய்யும் ஒருவர், இடுப்பளவு உயர ஸ்பீக்கர் இரண்டைக் காட்டி, இதுதான் வேண்டும் என்று நின்றார். ஆன்டி பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவர் சொல்லச் சொல்ல ஹாலை வரைந்தார். சோபா சுவரோடு ஒட்டியிருந்தது. அதற்கு மேலே சாமி மேடை. பக்கத்தில் கண்ணாடி அலமாரி, உள்ளே பீங்கான் தட்டுகள். "அண்ணே, உங்கட ஹால் பன்னிரண்டு அடி. இந்தப் பெட்டியை வச்சா அலமாரியில இருக்கிற தட்டெல்லாம் கதைக்கத் தொடங்கும். நீங்க படம் பாக்கிறதோ, தட்டுச் சத்தம் கேக்கிறதோ?" என்றார். அவர் சிரித்துவிட்டார். முழங்கை நீளத்துக்கு இருந்த சின்ன ஸ்பீக்கர்களை வாங்கிக்கொண்டு போனார். பெரியதை விற்காமல் விட்டதற்கு முதலாளி ஒரு வாரம் முணுமுணுத்தார். அடுத்த மாதம் அந்த மனிதர் தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்.

வீடுகளில் பொருத்தப் போகும்போது ஆன்டி என்னையும் வேனில் ஏற்றிக்கொள்வார். வயரைச் சுருள் பிரிப்பதும் அட்டைப் பெட்டி திறப்பதும் என் வேலை. ஒரு நாள் வேனில் போகும்போது, நீர் ஏன் வாயே திறக்கிறீரில்லை என்று கேட்டார். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். அவர் விடாமல், "நல்லதாப் போச்சு பிள்ளை. உமக்குப் பேச்சு வராது, எனக்கு வலது காது கேக்காது. ரெண்டு பேரையும் சேர்த்தா ஒரு முழு ஆள் வரும்" என்றார்.

அப்படித்தான் எனக்குத் தெரிய வந்தது. உங்களுக்கு இது புதிதாக இருக்காது. வீட்டில் எல்லாரும் அம்மாவுக்கு இடப்பக்கமாகத்தான் உட்காருவோம் என்று சுகந்தி அக்கா சொன்னார். கடையில் யாருக்கும் தெரியாது. சின்ன வயதுக் காய்ச்சலில் போன காதாம். எக்ஸ்சேஞ்சில் ஹெட்போன் ஒரு காதுக்குத்தான், அதனால் இருபத்தைந்து வருடமும் ஒரு குறையும் தெரியவில்லையாம். "ஸ்டீரியோ வந்துதான் என்னைக் காட்டிக் குடுக்கப் பாக்குது. பாஸுக்குச் சொல்லிப்போடாதேயும்" என்றார்.

ஆம்ப்ளிஃபையரில் ஒரு பட்டனை அழுத்தினால் மழை பெய்வது போன்ற இரைச்சல் ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சுற்றி வரும். உட்காரும் இடத்தில் எல்லாம் ஒரே அளவாகக் கேட்க வேண்டும். ஒரு காதால் அதைச் செய்ய முடியாது. அதனால் நான் சோபாவின் நடுவில் உட்காருவேன். வலது பக்கம் சத்தம் கூடினால் வலது கை முழங்காலுக்கு வரும். குறைந்தால் கை மடியில் இருக்கும். சரியாக வந்ததும் இரண்டு கையையும் கோத்துக்கொள்வேன். ஆன்டி ரிமோட்டுடன் என் கையைப் பார்த்தபடி, வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டே அளவை மாற்றுவார். யாருக்கும் ஒன்றும் தெரியாது. நான் பேச வேண்டியதும் இல்லை. அந்த வேலையை நான் எவ்வளவு விரும்பினேன் என்று அவரிடம் சொன்னதில்லை.

பிறகு சுபாங் ஜெயாவில் ஒரு வீட்டுக்குப் போனோம். ஒரு கான்ட்ராக்டரின் வீடு. அன்று மாலை விருந்து, சொந்தக்காரர்கள் பகலிலேயே வந்து ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் பொருத்தி முடித்து, "பிள்ளை, வந்து இரும்" என்று ஆன்டி சோபாவைக் காட்டினார். அப்போது மாடிப்படியில் இறங்கி வந்தவள் என்னோடு மூன்றாம் படிவம் படித்தவள். "ஏய், நீ இங்க என்ன பண்றே? வயர் இழுக்கிற வேலையா?" என்று கேட்டாள். கேலியாகத்தான் கேட்டாள் என்று இன்றும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அவள் முன்னால் அந்த சோபாவில் உட்கார்ந்து கை காட்ட என்னால் முடியவில்லை. வேனில் ஸ்குரூ டிரைவர் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போனேன். ஸ்குரூ டிரைவர் என் சட்டைப் பையில்தான் இருந்தது. வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஆன்டி எனக்காகக் கொஞ்ச நேரம் பார்த்திருக்கிறார். பிறகு தானே உட்கார்ந்து அளவு வைத்திருக்கிறார். வலது பக்கம் கேட்கவில்லை என்று கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். படத்தைப் போட்டதும் அந்தச் சத்தம் வேன் வரைக்கும் வந்தது. உள்ளே ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. நான் ஓடிப் போனபோது வீட்டுக்காரர் ஆன்டிக்கு வலப்பக்கம் நின்று இரண்டு மூன்று முறை கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆன்டி திரும்பவில்லை. "இந்தம்மாவுக்குக் காதே கேக்கல லா. செவிட்டு ஆளைப் பிடிச்சு ஸ்பீக்கர் விக்க அனுப்பியிருக்கான்" என்று அவர் சொல்ல, ஹாலே சிரித்தது. என்னோடு படித்தவள் சிரிக்கவில்லை. அதைப் பார்த்தபோது எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

அந்த வீட்டுக்காரர் தொலைபேசியில் புகார் சொல்ல, மறுநாள் முதலாளி எங்கள் இருவரையும் மேசைக்கு முன்னால் நிறுத்தினார். ஆன்டி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். நான் கை காட்டுவதை மட்டும் சொல்லவில்லை. முதலாளி என்னைப் பார்த்து, "உனக்கு முன்னமே தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது பாஸ்" என்றேன்.

நான் ஆன்டிக்கு இடப்பக்கம் நின்றிருந்தேன். அந்தக் காது நன்றாகக் கேட்கும். அவர் என் பக்கம் திரும்பவில்லை. அளவு நாடாவை மேசையில் வைத்துவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு போனார். முதலாளி அவரைப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை.

அதற்குப் பிறகு ஒரே ஒருமுறை அவரைப் பார்த்தேன். பிரிக்பீல்ட்ஸில் பூக்கடை வாசலில் நின்று மல்லிகைச் சரத்தை மூக்கருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருடைய வலப்பக்கமாகப் போய் நின்றேன். நின்றுகொண்டு, மெதுவாக "ஆன்டி" என்றேன். அவர் பூவை வாங்கிக்கொண்டு நடந்தார். நானும் கூப்பிட்டேன், அவருக்குத்தான் கேட்கவில்லை என்று பேருந்தில் வரும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சடங்கு வீட்டில் உங்களில் இரண்டு பேர் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. ஏர்கான் அறையில் நல்ல வேலை, முழங்கால் வலி என்று சாக்குச் சொல்லி விட்டுவிட்டாள், அவளுக்கு ஓர் இடத்தில் அடங்கி இருக்கத் தெரியாது என்று பேசினீர்கள். வீட்டில் ஆன்டி முழங்கால் வலி என்றுதான் சொல்லியிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த இடத்திலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதனால்தான் நாலு வரி கேட்ட இடத்தில் இவ்வளவு எழுதுகிறேன்.

இதை எழுதுவதற்கு முன்னால் முதலாளியிடம் போனேன். எனக்குத் தெரியும் என்று சொன்னேன். சோபாவில் உட்கார்ந்து நான் கை காட்டியதையும், சுபாங் ஜெயாவில் வேனுக்குள் ஒளிந்ததையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே கேட்டார்.

"அப்ப அத்தனை வீட்டையும் நீங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் செஞ்சீங்களா? வேற ஒரு வீட்டிலருந்துகூட கம்ப்ளேன் வந்ததில்லையே. அன்னைக்கே இதைச் சொல்லியிருந்தா, இருங்கன்னு சொல்லியிருப்பேனே லா."

நான் அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் போய் இதை எழுத உட்கார்ந்தேன்.

இந்த மலரை வாசிக்கும் ஆன்டியின் பேரப்பிள்ளைகளுக்கும் சொந்தக்காரர்களுக்கும் சொல்கிறேன். அவர் வேலையை விட்டுவிட்டு ஓடவில்லை. ஒரு வார்த்தை பேசியிருந்தால் அவர் இருந்திருப்பார், அந்த வார்த்தை என்னிடம் இருந்தது. இனி அவரைப் பற்றி நான் வைத்துக்கொள்ள ஒரு காட்சி மட்டும்தான் மிச்சம். கிள்ளானில் ஓர் அடுக்குமாடி வீடு, மின்தூக்கி பழுது, நான்காம் மாடி. கனமான ஸ்பீக்கரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, பின்னால் மூச்சு வாங்கி வரும் என்னைக் கேலி செய்தபடி, ஆன்டி எனக்கு முன்னால் படியேறிப் போகிறார். அவருடைய முழங்காலில் ஒரு வலியும் இருந்ததில்லை.