பஸ் ஓடாத நாட்களில் எங்கள் வீட்டுக் கண்டக்டர்

ஊரடங்கு போட்ட முதல் வாரத்திலேயே ஒரு காலை, என் வீட்டுக்காரர் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு கூடத்தில் வந்து நின்றார். பஸ் இல்லை, டீக்கடை இல்லை, பாகூர் கடைத்தெரு ஈ காக்கை இல்லாமல் கிடந்தது. எங்கே கிளம்பிவிட்டார் என்று பார்த்தால் எங்கேயும் இல்லை. "சும்மா போட்டுப் பாத்தேன்டி. இது இல்லன்னா இன்னாவோ மாதிரி இருக்குது" என்றார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டுக் கழற்றி ஆணியில் மாட்டினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

பாகூருக்கும் புதுச்சேரிக்கும் ஓடுகிற தனியார் பஸ்ஸில் அவர் கண்டக்டர். முதல் நடைக்கு இருட்டோடு போனால் கடைசி நடை முடிந்துதான் வீடு. அவர் போகும்போதும் வரும்போதும் எங்கள் மகள் தூங்கிக்கொண்டிருப்பாள். அப்போது அவளுக்கு நாலு வயசு. அப்பா என்றால் அவளுக்கு லீவு நாளில் கறி வாங்கி வருகிற ஆள், அவ்வளவுதான். அந்த ஆள் தினமும் வீட்டிலேயே நிற்பது அவளுக்குப் பிடிபடவில்லை. என் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "இவரு எப்பம்மா கெளம்புவாரு?" என்று கேட்டாள். அவர் காதிலும் விழுந்தது. அவர் முகம் செத்துப்போயிற்று. கூப்பிட்டால் வரமாட்டாள், மிட்டாய் கொடுத்தால் வாங்கிக்கொண்டு என்னிடம் ஓடிவந்துவிடுவாள். பெற்ற பிள்ளைக்கு வேற்றாளாகிவிட்டோமே என்கிற வேதனை அவரைத் தின்றுகொண்டிருந்தது.

நின்றே பிழைத்த மனுசனுக்கு உட்காரத் தெரியவில்லை. சோற்றைக்கூடத் தட்டைக் கையில் ஏந்தி, கதவு நிலையில் சாய்ந்துகொண்டுதான் தின்பார். வாசலுக்கும் கொல்லைக்குமாக அவர் நடக்கிற நடையில் எனக்குத் தலை சுற்றும். நான் துணி காயப்போடக் கிளம்பினால் பழக்கதோஷத்தில் கதவை இரண்டு தட்டுத் தட்டி "போலாம் ரைட்" என்பார். அடுப்படியில் நின்றால் "உள்ள தள்ளிப் போம்மா, வழிய வுடு" என்பார். "நான் இன்னா டிக்கெட் எடுத்துக்கினா நிக்கிறேன்? இது என் வூடு" என்று கத்தியிருக்கிறேன். நிஜமாகவே அதுவரை அது என் வீடுதான். பகல் முழுக்க நான் தனியாக ஆண்ட இரண்டு அறையில் ஒரு ஆள் குறுக்கும் நெடுக்கும் அலைந்தால் எரிச்சல் வராதா? ஏரிக்கரைப் பக்கம் போய் வரலாமென்றால் போலீஸ்காரர் நிற்கிறார். மனசைச் சந்தோஷமாக வைத்துக்கொள்ளுங்கள், குடும்பத்தோடு பொழுதைக் கழியுங்கள் என்று டிவியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சொல்கிறவர்கள் வீடு பெரிசாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு மத்தியானம் பாப்பா சோறு வேண்டாமென்று வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. தட்டை அவர் கையில் திணித்துவிட்டுக் கொல்லையில் போய் நின்றேன். அவருக்குக் கதை தெரியாது, பாட்டு வராது. தெரிந்த ஒன்றைத்தான் எடுத்தார். "முருங்கப்பாக்கம்லாம் வா, முருங்கப்பாக்கம்" என்று பஸ்ஸில் கூவுகிற அதே தொண்டையில் கூவினார். திடுக்கிட்டு வாயைத் திறந்தவளுக்கு ஒரு கவளம் போயிற்று. அரியாங்குப்பத்தில் ஒன்று, தவளக்குப்பத்தில் ஒன்று. கிருமாம்பாக்கம் தாண்டி, கன்னியக்கோயிலில் தண்ணீர் குடித்து, பாகூர் வருவதற்குள் தட்டு காலி. "மறுபடியும் போலாம்பா" என்றாள். அப்பா என்று அவரைப் பார்த்து அவள் சொன்னதை நான் கொல்லையிலிருந்தே கேட்டேன்.

அப்புறம் வீடே பஸ்ஸாகிவிட்டது. பாயை விரித்து, "நீ குந்துப்பா, நான்தான் கண்டக்டரு" என்று அவரை உட்கார வைத்தாள். மனுசன் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். விசில் அவள் வாயில். எனக்குச் சந்தோஷம்தான், கொஞ்சம் பொறாமையும்தான். ஆனாலும் ரோட்டில் ஏதாவது லாரி சத்தம் கேட்டால் அவர் காது அந்தப் பக்கம் போய்விடும்.

இப்போது பாப்பா பெரிய வகுப்பு படிக்கிறாள். அவர் பழையபடி முதல் நடைக்கு ஓடுகிறார். கிளம்பும்போது அவளை உலுக்கிச் சொல்லிவிட்டுத்தான் போகிறார், அவளும் தூக்கத்திலேயே திட்டுகிறாள்.

அப்போது ஊரடங்கு தளர்ந்து மறுபடி பஸ் விட்ட அன்று அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. குளித்து, காக்கியை மாட்டி, தலை வாரிக்கொண்டு புதுமாப்பிள்ளை கணக்காய்க் கிளம்பினார். எப்படித்தான் விழித்தாளோ, பாப்பா ஓடிவந்து வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்து இரண்டு கையாலும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்க ஸ்டாப்பிங் கெடையாது. எறங்க முடியாது" என்றாள்.

அவர் சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை. தெருமுனையில் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. கல்யாணமான புதிதில், கையைக் காட்டிக்கொண்டே ஓடிவந்த என்னையே டைம் ஆச்சு என்று விட்டுவிட்டுப் போன மனுசன் அவர். செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். ஹாரன் இன்னும் இரண்டு தடவை அடித்தது. கடைசியில் டிரைவர் அண்ணனே இறங்கி வந்துவிட்டார்.

"இன்னாபா, ஜனம் ஏறி குந்திக்கினு இருக்குது."

"கண்டக்டரு எறக்கி வுட மாட்டேன்றாங்கண்ணே" என்றார் இவர். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார்.