நடுவர் எலியேசெருக்குத் தெரியாமல் பார்த்த கண்

பர்ரான்கீயா நகரத்துப் புழுதி மைதானங்களில் எலியேசெர் பெர்தூஸ் வெகுகாலம் கால்பந்து நடுவராக இருந்தார். தோற்ற கட்சிக்காரர்கள் அத்தனை பேரும் அவரைக் குருடன் என்றே வைதார்கள். அறுபதைத் தாண்டிய பிறகு பின்மண்டையில் ரத்தம் அடைத்து நிஜமாகவே பார்வை போனபோது, நம்பத்தான் ஆளில்லை.

முகத்துக்கு நேரே விரலை ஆட்டினால் "ஒரே இருட்டு" என்பார். ஆனால் வழியில் கிடந்த முக்காலியைச் சுற்றிக்கொண்டு போவார். மனைவி தீலியா மீன் பொரித்தபடியே இதைக் கவனித்து வந்தாள். ஒருநாள் சத்தமில்லாமல் செருப்பைக் கழற்றி வீசினாள். மனுஷர் குனிந்துகொண்டார். செருப்பு சுவரில் மோதி விழுந்தது.

"என்ன சத்தம்?" என்றார்.

"நடிப்புக்கும் ஒரு அளவு வேணும்யா. கண்ணு தெரியாதவன் ஏன் குனிஞ்ச?"

"நானா? குனிஞ்சேனா?"

பொய்யை உடைத்துவிடுவதென்று அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். மூளை டாக்டர் ஹிமேனா ஒரு நீள நடைவழியில் நாற்காலியும் பெட்டிகளுமாகப் பரப்பி வைத்து, அவர் கைத்தடியை வாங்கிக்கொண்டு நடக்கச் சொன்னாள். எலியேசெர் முனகிக்கொண்டே ஒன்றிலும் இடிக்காமல் வளைந்து வளைந்து மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்தார்.

"காலி நடையில நடக்கவிட்டு என்னம்மா சோதனை இது?"

தீலியா வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டர் சொன்னாள்: "இவர் பொய் சொல்லலை. கண்ணுலேருந்து மூளைக்குப் பல வழி உண்டு. 'நான் பாக்கறேன்'ங்கற நினைப்பு வர்றதுக்கான பெரிய வழி அடைஞ்சுபோச்சு. ஒரு சந்து மட்டும் திறந்திருக்கு. அது காலுக்குச் சேதி சொல்லுது, இவருக்குச் சொல்றதில்ல."

"வீட்டுல நடக்கறது வீட்டுக்காரருக்குத் தெரியாது. இது எங்களுக்குப் பழசுதான் டாக்டரம்மா. அது சரி, அந்த நினைப்பு எப்படித்தான் வருது?" என்றாள் தீலியா.

"அதைத்தான் நாங்களும் தேடிட்டிருக்கோம்."

பேருந்திலிருந்து இறங்கும்போது எலியேசெர் கேட்டார்: "அப்போ செருப்பைப் பாத்தது யாரு?"

"நீதான்."

"நான் பாக்கலையே."

உள்ளே இருக்கும் அந்த இன்னொருவனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டுமென்று ஒரே பிடிவாதம். ஒவ்வொரு அடியையும் உன்னிப்பாக எடுத்து வைத்தார். விளைவு, முழங்காலெல்லாம் காயம். யோசித்தால் இடித்தார், யோசிக்காவிட்டால் தப்பினார்.

தீலியாவுக்குச் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. வெளியே கிளம்பினாலே வம்புக்கு இழுப்பாள்.

"சோலெதாத் கட்சிக்கு நீ குடுத்த பெனால்டி அநியாயம்."

"உனக்கென்ன தெரியும்? பந்து கையில பட்டுச்சு."

"தோள்ல."

"கையிலடி."

கத்திக்கொண்டே பழவண்டியை, படுத்திருந்த நாயை, திறந்த சாக்கடையை எல்லாம் தாண்டிவிடுவார். வயசான காலத்தில் இதுகளுக்கு ஒத்துவரவில்லையே என்று தெருவே வருத்தப்பட்டது.

"எப்படி வந்தோம்?" என்பார், காபிக் கடையில் உட்கார்ந்ததும்.

"சண்டை போட்டுக்கிட்டே வந்தோம். ஆறிடும், குடி."