எது இரைச்சல்?

என் அக்கா, எங்கள் ராத்தாவின் கலியாண வீடியோவைக் கெடுத்தது எங்கள் கடற்கரை ஊரான ஆலங்குடாவின் காற்றுதான் என்று மாமா இன்றைக்கும் சாதிப்பார். நல்ல மனிதர். கெடுத்தது அப்போது பத்து வயதுக்காரியான நான்.

மாமா உம்மாவின் தம்பி. கலியாண வீடியோ எடுப்பவர். ராத்தாவின் வீடியோவைப் பாதி வெட்டி ஒட்டியிருந்த வேளையில், கணினியில் காசு கொடுக்காத கள்ளக் கொப்பி மென்பொருள் வைத்திருப்பதும் களவுதான் என்று வெள்ளிக்கிழமை ஜும்ஆ பயானில் கேட்டுவிட்டு வந்தார். வந்த சூட்டோடு எடிட்டிங் மென்பொருளை அழித்தார். செய்த பாதி வேலை வேறெதிலும் திறக்காது என்பது பாவத்தை விட்டு தவ்பா செய்த பிறகுதான் தெரிந்தது. கட்டாரில் லீவு கிடைக்காமல் மகளின் கலியாணத்துக்கே வரமுடியாத வாப்பாவோ, வீடியோ எங்கே என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம் என்று இணையத்தில் இலவசமாக விட்டிருந்த மென்பொருள்களை மாமா இறக்கினார். "சும்மா தாறாங்க எண்டா என்னமோ இரிக்கி" என்று அவர் மனைவி, எங்கள் மாமி, சந்தேகப்பட்டார். ஒலியைத் துப்புரவாக்கும் மென்பொருளில் எல்லாம் தமிழில் இருந்தது. ஆங்கிலப் பொத்தான்களை இடம் பார்த்து அமுக்கிப் பழகிய மாமா திணறிப்போய், தமிழில் பரிசு வாங்கியவள் என்று என்னைக் கதிரையில் உட்காரவைத்தார்.

இரைச்சல் எது என்று ஒரு துண்டை நாம் காட்டினால், அதைப் போன்றதையெல்லாம் அது எடுத்துவிடும். "வேண்டாத சத்தம் மட்டும் கேக்கிற இடமாப் பாத்துக் காட்டு புள்ள" என்று சொல்லிவிட்டு மாமா அஸர் தொழப் போனார்.

கேட்டுப் பார்த்தேன். காற்று நான் பிறந்ததிலிருந்து கேட்கும் சத்தம். அதில் வேண்டாதது எதுவும் எனக்குத் தெரியவில்லை. ராத்தா மாப்பிள்ளையின் ஊரான முந்தலுக்கு வாகனம் ஏறும் இடத்தில், படத்தில் விழாமல் கமராவுக்குப் பின்னால் நின்ற உம்மா விசும்பிக்கொண்டே இருந்தார். அதைக் கேட்கத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. அதையே காட்டி, முழுவதற்கும் அமுக்கினேன்.

மாமா வந்து போட்டுப் பார்த்தார். காற்று கம்பீரமாக வீசியது. உம்மாவின் அழுகை போயிருந்தது. கூடவே மற்றப் பெண்களின் குரலிலும் பாதி போய், மாமி வாழ்த்துவது களப்புத் தண்ணீருக்குள் முங்கிக்கொண்டு பேசுவதுபோல் கேட்டது.

"என்ட குரலா இது? தாரா கத்துற மாரி!" என்றார் மாமி.

மாமா தலையில் கை வைத்தார். பழைய ஒலி பத்திரமாக இருக்கிறது, திருப்பிவிடலாம் என்றார். பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த உம்மா விடவில்லை.

"வாணாம் தம்பி. இவள்ட வாப்பாக்கு இப்படியே அனுப்பு."

மாமி ஒரு கிழமை எங்களோடு கதைக்கவில்லை. வாப்பா பார்த்துவிட்டு அழைத்தார். "உங்கட உம்மா அழவே இல்ல, நல்லம்" என்று என்னிடம் சந்தோஷப்பட்டார். உம்மா திருத்த விடாத அளவுக்கு என் வேலை அருமையாக இருந்தது என்று நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.