தொட்டி வழிந்தபோது

துடியலூரில் எங்கள் வீட்டு மாடித் தொட்டி நிரம்ப இருபத்து மூன்று நிமிடம் ஆகும். பொங்கலுக்கு வந்த மகள் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோனாள். ஒன்பது நிமிடம் தண்ணீர் வழிந்தது. கூட வந்திருந்த அவளுடைய மாமியார் இருக்கும்போதே கத்தினேன். நான் வீசிய டம்ளர் சுவரில் பட்டு நசுங்கியது. மகள் சாப்பிடாமலே பல்லடத்துக்குத் திரும்பிவிட்டாள்.

அதன் பிறகு வரவே இல்லை. அம்மாவிடம் மட்டும் போனில் பேசுவாள். "அப்பா யாருகிட்டயாவது போய்ப் பேசி அந்தக் கோவத்துக்கு ஒரு வழி பண்ணட்டும்மா. அப்புறம் வாரேன்."

"எனக்கென்ன பைத்தியமா?" என்றேன்.

"பல்லு வலிக்குப் போறீங்க, முட்டி வலிக்குப் போறீங்க. இதுக்கும் போங்க," என்றாள் மனைவி.

நான்கு மாதம் முரண்டு பிடித்துவிட்டுப் போனேன். கணபதிப் பகுதியில் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடி, பதினெட்டுப் படி. மனநல ஆலோசகர் என் மகளைவிட இளையவர்.

"ஐயா, கத்தறதுக்கு முன்னாடி உடம்புல மொதல்ல என்னாகுதுங்க?"

அறுபத்தொன்பது வயதில் அன்றுதான் யோசித்தேன். முதலில் வலது காது சூடாகும், பிறகு தாடை இறுகும். காது சூடானதிலிருந்து வாய் திறக்கும்வரை எத்தனை நொடி என்று எழுதி வரச் சொன்னார். எண்ணுவதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் வாரம் இரண்டு நொடி.

"அதை மூணாக்குங்க, போதும். மூச்சை மெதுவா விட்டுட்டே எண்ணுங்க."

நான்காம் முறை வேறொன்று கேட்டார். "தண்ணி வீணாப் போச்சுன்னா கோவம்? இல்ல, உங்க பேச்சை யாரும் கேக்கலைன்னா?" இரண்டாவதுதான் என்று ஒப்புக்கொண்டேன். மனம் என்னவோ லேசாகிவிட்டது.

எட்டாம் வாரம் பதினொரு நொடி. மனைவி அதை மகளிடம் சொல்லியிருக்கிறாள். மகள் ஆடிப் பதினெட்டுக்கு வந்துவிட்டாள்.

வந்தவள் மோட்டாரைப் போட்டுவிட்டு அம்மாவோடு பேச உட்கார்ந்தாள். இருபத்து நான்காம் நிமிடம் மாடியிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம். என் காது சூடானது. சமையலறையில் இருவர் பேச்சும் சட்டென்று நின்றது. மூச்சை விட்டபடி எண்ணினேன். எழுந்துபோய் சுவிட்சை அணைத்தேன்.

மகள் கதவருகே நின்றாள். "மறந்துபோட்டேனுங்கப்பா."

"தொட்டி ரொம்பிருச்சு கண்ணு. அவ்வளவுதான்."

"ஏனுங்கப்பா, உடம்பு சரியில்லீங்களா?"

"பத்தொம்பது," என்றேன்.

"என்னது பத்தொம்பது?"

"உங்கப்பா வாங்குன மார்க்கு அம்மணி," என்றாள் மனைவி. மூவரும் சிரித்தோம்.

அன்று மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அம்மா சுட்ட இனிப்புக் கச்சாயத்தில் மட்டும் ஆறு.