விண்ணப்பதாரர் நேரில் வரவில்லை

அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் 'நேர்ல வா'. பிறப்பு, இறப்பு, திருமணம் பதிகிற அந்த அலுவலகத்தில் இரண்டாவது ஜன்னல் அவருடையது. முப்பத்தோரு வருடம் அதே ஜன்னல், அதே நாற்காலி. யார் எந்தத் தாளை நீட்டினாலும் முதலில் நீட்டியவர் முகத்தைத்தான் பார்ப்பார். "இது உங்களுதா? இல்லையா? அப்ப அவரை நேர்ல வரச் சொல்லுங்க." கெஞ்சினாலும் சரி, கத்தினாலும் சரி, மனிதர் அசைய மாட்டார். ஒருமுறை நடக்க முடியாத ஒருவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்தார்கள். எட்டிப் பார்த்தார், தலையாட்டினார், சீல் குத்தினார். தூக்கி வந்தவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது அவர் கண்ணில் பட்டதாகத் தெரியவில்லை. கெட்டவர் என்று சொல்ல முடியாது. எந்தப் பெரிய மனிதரின் சிபாரிசுக்கும் மசியாதவர்.

இப்பேர்ப்பட்டவர் ஓய்வு பெற்ற கையோடு புனிதரின் கல்லறைக் கோயிலுக்கு அறுநூறு கிலோமீட்டர் நடக்கப் போகிறார் என்றதும் அலுவலகமே வாயைப் பிளந்தது. உண்மையில் அந்த ஆசை அவருடையது அல்ல, மனைவியுடையது. சமையலறைக் கதவின் பின்புறம் வழியின் வரைபடத்தை ஒட்டி வைத்திருந்தாள். அடுப்பில் ஏதாவது கொதிக்கிற நேரத்தில் விரலாலேயே ஊர் ஊராகப் போய்வருவாள். இரண்டு பேருக்கும் ஷூ வாங்கியது அவள்தான். யாத்திரை அட்டைக்கு எழுதிப்போட்டதும் அவள்தான். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட மடிப்பு அட்டை அது. வழியிலுள்ள ஒவ்வொரு தேவாலயத்திலும் ஒரு கட்டத்தில் சீல் குத்துவார்கள். எல்லாம் நிரம்பினால் கல்லறைக் கோயிலில் சான்றிதழ் கிடைக்கும்.

கிளம்ப ஆறு வாரம் இருக்கையில் அவருடைய அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். தொண்ணூறைத் தொடப்போகிற வயது, படுத்த படுக்கை. ஒருவர் வீட்டில் இருந்தே தீர வேண்டும். யார் இருப்பது என்ற கேள்வியே எழவில்லை. இரண்டு பேரும் பேசித்தான் முடிவெடுத்தோம் என்று பிற்பாடு அவர் எல்லோரிடமும் சொன்னார். அப்படிப் பேசியதாக அவளுக்கு ஞாபகம் இல்லை.

"நீங்க போயிட்டு வாங்க," என்றாள். "என் அட்டையையும் எடுத்துட்டுப் போங்க. உங்களுக்குக் குத்தும்போது எனக்கும் ஒண்ணு குத்திடுங்க. நானும் வந்த மாதிரி இருக்கும்."

"அது எப்படி? நடக்கற ஆளுக்குத்தானே சீல்?"

"அங்க உங்களை யாரு ஜன்னல்ல உக்கார வச்சிருக்காங்க? நான் கேக்கறதே இது ஒண்ணுதான்."

அவர் அட்டையை வாங்கிப் பையில் வைத்தார். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அவள் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டாள்.

முதல் நாளே இரண்டு குதிகாலிலும் கொப்புளம். ஆனாலும் நடையில் அவர் சோடை போகவில்லை. தேவாலயத்துக்குள் போனதும் பீடத்துக்கு முன் முழங்காலிடுவார், எழுந்து நேரே சீல் இருக்கிற மேஜைக்குப் போவார். மை காய்ந்திருந்தால் சொல்வார், தேதி மாற்றாமல் விட்டிருந்தால் அதையும் சொல்வார். தன் அட்டையை மட்டும் நீட்டுவார். அவளுடையது பைக்குள்ளேயே கிடக்கும்.

தினமும் சாயங்காலம் வீட்டுக்குப் பேசுவார். அப்பா சாப்பிட்டாரா, முதுகில் புண் ஏதும் இல்லையே என்று கேட்பார். கடைசியில் அவள் கேட்பாள்.

"எனக்கு எத்தனை ஆச்சு?"

"இங்க சிக்னல் சரியில்ல," என்பார். முப்பத்தோரு வருடம் ஜன்னலில் ஒரு பொய் சொல்லாதவருக்கு இந்தப் பொய் மட்டும் சரளமாக வந்தது.

பதினோராம் நாள் நல்ல மழை. அட்டைகள் நனையாமலிருக்க இரண்டையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டிருந்தார். அன்று போய்ச் சேர்ந்த சிற்றூர்க் கோயிலில் கோயில்பிள்ளை மட்டும்தான் இருந்தார். கோயிலைப் பெருக்கி மணியடிக்கிற மனிதர். இவர் தலையைத் துவட்டிக்கொண்டிருக்கையில் அந்த மனிதர் உறையை வாங்கினார், பிரித்தார், இரண்டு அட்டையிலும் டப் டப் என்று குத்திவிட்டார்.

"ஐயையோ, அது என் சம்சாரத்தோடது! அவ வரல!"

"அதனால என்னங்க? இருக்கட்டும்."

"அதெல்லாம் ஆகாது. இதை ரத்து பண்ணுங்க."

"குத்தின சீலை எப்படிங்க திரும்ப எடுக்கறது?"

எப்படி என்று இவருக்குத் தெரியும். பேனாவை எடுத்தார். சீலின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். கீழே, பொடிப் பொடியான அலுவலகக் கையெழுத்தில், 'தவறுதலாகப் பதிக்கப்பட்டது. விண்ணப்பதாரர் நேரில் வரவில்லை' என்று எழுதினார். தேதி போட்டுக் கையெழுத்திட்டார். கோயில்பிள்ளை விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

செய்தது சரிதான் என்று அன்றைக்கு அவருக்குத் தோன்றியது. மறுநாள் அவ்வளவு சரியாகத் தோன்றவில்லை. அதற்கப்புறம் வந்த நாட்களில் அந்த அட்டையை வெளியில் எடுக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

இருபத்தாறாம் நாள் கல்லறைக் கோயிலை அடைந்தார். ஜன்னலில் இருந்த பெண் முதலில் அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு அட்டையைப் பார்த்தாள், சான்றிதழைக் கொடுத்தாள். எதிர்பார்த்த சந்தோஷத்தில் பாதிகூட வரவில்லை.

வீட்டில் அவள் சான்றிதழை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தாள். "நல்லா இருக்கு," என்றாள். பிறகு கையை நீட்டினாள். "என்னுது?"

கொடுத்தார். கட்டங்கள் எல்லாம் காலி. நடுவில் குறுக்கே கோடு போட்ட ஒரே ஒரு சீல். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகவே படித்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தார். அவள் கோபப்படவில்லை, அவருக்கு அதுதான் தாங்கவில்லை.

"வரலன்னு எழுதியிருக்கீங்க," என்றாள். "நிஜந்தான், நான் வரல. ஏன் வரலன்னும் ஒரு வரி எழுதியிருக்கலாம்ல?"

அவர் மேஜை முன் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். நெடுநேரம் யோசித்து எழுதினார்: 'காரணம்: என் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.' எழுதி முடித்ததும் பழக்கதோஷம், வாய் தானாகவே சொல்லிவிட்டது.

"திருத்தத்துக்குக் கீழ விண்ணப்பதாரர் கையெழுத்து வேணும்."

அவள் சிரித்துவிட்டாள். "போடறேன். இந்தச் சீல் குத்தின கோயிலுக்கு நடந்து போய், அங்க வச்சுப் போடறேன். நேர்லதானே வரணும்?"

"எப்ப?"

"திங்கக்கிழமை கிளம்பறேன்."

அலமாரிக்கு மேலிருந்து ஷூ பெட்டியை இறக்கினாள். ஒட்டிய காகிதம்கூடப் பிரிக்காத பெட்டி. தரையில் உட்கார்ந்து லேஸைக் கோக்க ஆரம்பித்தாள். உள்ளேயிருந்து பெரியவர் அவளைக் கூப்பிட்டார். அவள் தலை நிமிரவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டபோது அவர் எழுந்து போனார். படுக்கை நனைந்திருந்தது.

"நீ எதுக்கு வந்தே?" என்றார் அப்பா. "அவளை வரச் சொல்லு."

"அவளுக்கு வேலை இருக்குப்பா," என்றார். மாற்று விரிப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. "நான்தான் வந்திருக்கேன்."