ஆறிப்போன ரசம்

போன வருடம் கோலார் பக்கம் தக்காளி மலிந்து, வாங்க ஆளில்லாமல் சாலையோரம் கொட்டிக் கிடந்த சமயத்தில் நடந்தது இது. நான் தங்கவயல்காரி. ஊரிகம் ஸ்டேஷனில் விடியற்காலை ரயில் பிடித்து, பெங்களூரில் ஒரு கடையில் பில் போட்டுவிட்டு, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவள். எங்கள் ஊரில் பாதிப் பேர் பிழைப்பு இப்படித்தான் ஓடுகிறது.

தினமும் ஒரே பெட்டியில் ஏறுகிற எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கு ஒரு நாள், எல்லோருக்கும் சேர்த்து டிபன் கொண்டுவர வேண்டும். சனிக்கிழமை என் முறை. மற்றவர்கள் இட்லி, எலுமிச்சை சாதம் என்று கொண்டுவருவார்கள். எனக்கு மட்டும் வெளிநாட்டுச் சமையல் பைத்தியம். திரும்பும் ரயிலில் மொபைலில் அந்த வீடியோக்களைத்தான் பார்ப்பேன். அதில் சொல்கிற சீஸ் எல்லாம் என் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது. அதனால் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு அதையே சீஸ் என்பேன். சப்பாத்தி மாவை நாடா நாடாக வெட்டி வேகவைத்துப் பாஸ்தா என்பேன். "இன்னாம்மா, இந்த வாரம் எந்த நாடு?" என்று வாட்ச்மேன் வேலைக்குப் போகும் அண்ணன் ஒருவர் சீண்டுவார். கிண்டல் செய்துகொண்டே எல்லோரும் டப்பாவை வழித்துவிடுவார்கள். எனக்குத் தலைகால் புரியாது.

எங்களில் ஓர் அக்கா எப்போதும் ஜன்னலோரம் உட்காருவார். புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்து, ஒரு வழியாக அது முடிந்து, வேலைக்குத் திரும்பியிருந்தார். நோய் போய்விட்டது, நாக்கு ருசியும் பசியும் திரும்பி வரவில்லை. சூடான டப்பாவைத் திறந்து ஆவி கிளம்பினாலே அவருக்குக் குமட்டும். முகத்தை ஜன்னல் கம்பியில் வைத்துக்கொள்வார். நாளுக்கு நாள் உடம்பு கரைந்தது. இப்படியே போனால் வேலையை விட்டுவிடச் சொல்லி வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்களாம். "நான் வேற பொட்டிக்குப் போய்ட்றேன். என்னால நீங்கல்லாம் பயந்து பயந்து துன்றீங்க" என்றார் ஒரு நாள். நாங்கள் விடவில்லை. ஆனால் அவரைச் சாப்பிட வைக்க ஒருவருக்கும் வழி தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் ஸ்பெயின் நாட்டு சூப் ஒன்றை வீடியோவில் பார்த்தேன். கனிந்த தக்காளி, வெள்ளரிக்காய், காய்ந்த ரொட்டி, எண்ணெய், வினிகர். எல்லாவற்றையும் பச்சையாக அரைத்து வடிகட்டி, ஜில்லென்று குடிக்க வேண்டியதுதான். இதைவிட மலிவாக ஒரு ஃபாரின் ஐட்டம் கிடைக்குமா? ஆண்டர்சன்பேட்டை பேக்கரியில் முந்தின நாள் ரொட்டியை வாங்கினேன். ஆலிவ் எண்ணெய்க்குப் பதில் வீட்டில் இருந்த கடலை எண்ணெய். பூண்டும் போடச் சொன்னார்கள், உரிக்கச் சோம்பல்பட்டு விட்டுவிட்டேன். அரைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் படுத்தேன்.

காலையில் நான் குளித்துவிட்டு வருவதற்குள் என் கணவர் எல்லாவற்றையும் பையில் அடுக்கி வைத்திருந்தார். பாசமான மனிதர். ரயிலில் ஃபிளாஸ்கைத் திறந்தேன். குப்பென்று ஆவி. மேலே கடுகும் கறிவேப்பிலையும் மிதந்தன. அவருக்குப் போன் போட்டேன்.

"ஷிப்டுக்குப் போறவங்களுக்கு ஆறினது கட்டக் கூடாதுன்னு எங்க வூட்ல பழக்கம்" என்றார். "நீ இன்னாடான்னா ரசத்தைப் போயி ஃப்ரிட்ஜ்ல வெச்சிகீற. அதான் சூடு பண்ணித் தாளிச்சேன்."

மாமனார் எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அவர் இறங்கிய சுரங்கம் மூடி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, அந்த வீட்டில் சுடச்சுடக் கட்டும் வழக்கம் மட்டும் மூடவில்லை. ரயிலில் எல்லோரும் ரசம் பிரமாதம் என்று குடித்தார்கள். அக்கா வழக்கம்போல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கோ ஸ்பெயின் கைநழுவிப் போன ஆத்திரம்.

அடுத்த சனிக்கிழமை நானே முன்னால் எழுந்து, அதே சூப்பை மறுபடி அரைத்து, ஐஸ் கட்டி போட்டு, ஃபிளாஸ்கைக் கையிலேயே வைத்துக்கொண்டேன். ரயில் கிளம்பியதும் ஊற்றிக் கொடுத்தேன். அண்ணன் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"இன்னாம்மா இது, ரசம் ஆறிப் பூடுச்சே. போன வாரம் நல்லா தானே கொண்டாந்தே?"

மற்றவர்கள் உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்த ஸ்டேஷனில் எல்லோரும் பன் வாங்கித் தின்றார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஃபிளாஸ்கை மூடப் போனேன்.

"அது சூடா கீதா?" என்றார் ஜன்னலோர அக்கா.

"இல்லக்கா. ஜில்லுன்னு கீது."

"ஒரு வாசனையும் வரலியே. கொஞ்சம் ஊத்து, பாக்கலாம்."

கால் டம்ளர் ஊற்றினேன். ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு அப்படியே இருந்தார். வாந்தி வரப்போகிறதோ என்று பயந்து நான் கைப்பையில் கவர் தேடினேன். பன் தின்றுகொண்டிருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள்.

"புளிக்குதும்மா" என்றார் அக்கா.

"ஐயோ, வேணாம்னா வெச்சிடுங்கக்கா."

"அதுக்குச் சொல்லல. எனக்குப் புளிப்பு தெரியுது. எத்தினி மாசமாச்சு, மண்ணைத் துன்ற மாதிரியே இருந்துச்சு." டம்ளரை மறுபடியும் நீட்டினார்.

பங்காருப்பேட்டை வருவதற்குள் முழு டம்ளர் குடித்துவிட்டார். மீதியைத் தன் தண்ணீர் பாட்டிலில் ஊற்றித் தரச் சொன்னார். அண்ணன் தன் டம்ளரில் மிச்சமிருந்ததை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "நல்லா தாம்மா கீது" என்றார். பச்சைப் பொய், முகத்திலேயே எழுதியிருந்தது. நான் அக்கம்பக்கம் பார்க்காமல் அழுதேன்.

அன்றிலிருந்து எங்கள் பெட்டியில் யார் முறையாக இருந்தாலும், ஆறின பண்டம் ஒன்றும் தனியாக வந்தது. அண்ணன் வீட்டிலிருந்து மோர் ஊற்றிய கேழ்வரகுக் கூழ். இன்னொருவர் வீட்டிலிருந்து தயிர் சேமியா. என் கணவர் இப்போது ஐஸ் கட்டி போடுவதோடு சரி, கடுகு டப்பாவைத் தொடுவதில்லை. அக்கா மெல்லத் தேறினார். வேலையை விடவில்லை. இன்றைக்கும் அதே ஜன்னலோரம்தான், சூடாக இட்லியே சாப்பிடுகிறார்.

நான் அந்த சூப்பைச் செய்தது அக்காவுக்காக அல்ல, பெருமை அடித்துக்கொள்ளத்தான். இப்போதும் நான் புதிதாக எதையாவது செய்து, எல்லோரும் முகம் சுளித்தால், உடனே பாத்திரத்தை மூடிவிடுவதில்லை. ஜன்னலோரம் திரும்பி உட்கார்ந்திருப்பவர் யாராவது இருக்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.